கிரெடிட் கார்டில் ஓவர்லிமிட் கட்டணம்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

இந்திய வங்கிகள் தரும் கிரெடிட் கார்டுகளில் லிமிட்டைத் தாண்டினால் விழும் கட்டணத்தைப் பற்றியது இது. உங்கள் ஸ்டேட்மென்டில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் எளிதில் சரிசெய்யக்கூடிய காரணம் முதலிலும் கையைக் கடிக்கும் காரணம் கடைசியிலும் இருக்கிறது.

கையில் வேண்டியவை: கடைசி இரண்டு மாத ஸ்டேட்மென்ட், வங்கியின் ஆப் அல்லது நெட்பேங்கிங், ஒரு தாள். ஸ்டேட்மென்டின் முதல் பக்கம் மட்டும் போதாது. பரிவர்த்தனைகள் தேதிவாரியாக வரும் பக்கங்களும், இ.எம்.ஐ. விவரம் இருக்கும் பக்கமும் கட்டாயம் வேண்டும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

1. ஆப்பில் கார்டு செட்டிங்ஸுக்குள் போய் ‘ஓவர்லிமிட்’ என்ற சுவிட்ச் இருக்கிறதா, அது ஆனில் இருக்கிறதா ஆஃபில் இருக்கிறதா என்று பாருங்கள். சில ஆப்களில் ‘மேனேஜ் கார்டு’, சிலவற்றில் ‘கார்டு கன்ட்ரோல்’ என்ற பெயரில் ஒளிந்திருக்கும். இருக்கும் நிலையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எடுத்த பிறகுதான் மாற்ற வேண்டும். புகார் கொடுக்கும்போது அந்தப் படம்தான் பேசும்.

2. ஸ்டேட்மென்டில் கட்டணம் எந்தத் தேதியில் பதிவாகியிருக்கிறது என்று குறியுங்கள். பில் தேதியில் மொத்தம் லிமிட்டுக்குள் இருந்தது என்பது பதில் ஆகாது. பில் சுழற்சியின் (ஒரு பில்லுக்கும் அடுத்த பில்லுக்கும் இடையிலான காலம்) நடுவில் ஒரே ஒரு நாள் தாண்டியிருந்தாலும் கட்டணம் விழலாம்.

3. தாளில் ஐந்து எண்களை எழுதிக் கூட்டுங்கள்: போன பில்லில் இன்னும் கட்டாத தொகை, இன்னும் பில்லாகாத செலவுகள், நிலுவையில் நிற்கும் ஹோல்டுகள் (கடைகள் முன்கூட்டியே பிடித்து வைத்த தொகைகள்), இ.எம்.ஐ.யில் இன்னும் கட்ட வேண்டிய அசல், இந்தச் சுழற்சியில் விழுந்த வட்டியும் கட்டணங்களும். லிமிட்டைத் தின்பது இவை ஐந்தும் சேர்ந்துதான். பலரும் முதல் இரண்டை மட்டும் கூட்டிவிட்டு, இடம் இருக்கிறது என்று நம்பிவிடுகிறார்கள்.

கட்டணம் எவ்வளவு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பல வங்கிகளின் கட்டணப் பட்டியலில் தாண்டிய தொகையில் 2.5%, குறைந்தபட்சம் ₹500 முதல் ₹600 வரை என்று இருக்கும். அதன் மேல் 18% ஜி.எஸ்.டி. ₹500 குறைந்தபட்சம் என்றால் ₹20,000 வரை எவ்வளவு தாண்டினாலும் கட்டணம் ஒன்றுதான், ஏனென்றால் 20,000-இல் 2.5% போட்டால்தான் 500 வருகிறது. ₹150 தாண்டினாலும் ₹590, ₹15,000 தாண்டினாலும் ₹590. அதனால் ‘கொஞ்சம்தானே தாண்டியது’ என்பது இந்தக் கட்டணத்தில் ஒரு பைசாவையும் குறைக்காது. சின்னத் தாண்டலுக்குத்தான் இது மிக அதிக விலை.

## அறிகுறி: லிமிட்டுக்குள்தான் செலவு செய்தேன், ஆனாலும் கட்டணம் விழுந்திருக்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான். கீழே உள்ள வரிசையில் தேடுங்கள்.

ஒரே லிமிட்டை இன்னொரு கார்டும் பயன்படுத்துகிறது. வீட்டில் ஒருவருக்கு ஆட்-ஆன் கார்டு வாங்கிக் கொடுத்திருந்தால் அதற்குத் தனி லிமிட் கிடையாது, உங்கள் லிமிட்டிலிருந்துதான் போகிறது. ஒரே வங்கியில் இரண்டு கார்டு வைத்திருந்தால் பல வங்கிகள் இரண்டுக்கும் சேர்த்து ஒரே லிமிட்தான் தருகின்றன. ஆப்பில் இரண்டு கார்டுக்கும் ₹2,00,000 என்று காட்டினால் மொத்தம் ₹4,00,000 என்று எண்ண வேண்டாம். யுபிஐயில் இணைத்த ரூபே கிரெடிட் கார்டும் அதே கதைதான்: டீக்கடையில் ஸ்கேன் செய்த ₹30-ம் அந்த லிமிட்டில்தான் கழியும்.

சோதனை: ஸ்டேட்மென்டில் பரிவர்த்தனைகள் கார்டு எண்ணின் கடைசி நான்கு இலக்க வாரியாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொன்றையும் தனியாகக் கூட்டுங்கள். ஆட்-ஆன் கார்டுக்குத் தனி உச்சவரம்பு போடும் வசதி பல ஆப்களில் இருக்கிறது, போட்டுவிட்டால் தீர்ந்தது.

ஸ்வைப் செய்த தொகை ஒன்று, பதிவான தொகை வேறு. பெட்ரோல் பங்கில் ₹3,000-க்குப் போட்டால் 1% சர்சார்ஜாக (கூடுதல் கட்டணம்) ₹30-ம் அதற்கு ஜி.எஸ்.டி. ₹5.40-ம் சேர்ந்து பதிவாகலாம். சர்சார்ஜ் தள்ளுபடி உள்ள கார்டாக இருந்தாலும் அது பிறகுதான் வரவு வைக்கப்படும், அதற்கான ஜி.எஸ்.டி. பெரும்பாலும் திரும்பாது. வெளிநாட்டு நாணயத்தில் வாங்கினால் வித்தியாசம் பெரிது. ₹40,000 என்று ஒப்புதல் ஆன செலவுக்கு 3.5% மார்க்அப் (வெளிநாட்டு நாணயச் செலவுக்கு வங்கி போடும் கூடுதல் கட்டணம்) ₹1,400, அதற்கு ஜி.எஸ்.டி. ₹252, ஆக ₹1,652 கூடுகிறது. பல கார்டுகளில் இந்தத் தொகை செலவு பதிவாகும் நாளில்தான் சேரும். இடையில் டாலர் விலை ஏறியிருந்தால் இன்னும் கூடும். லிமிட்டின் விளிம்பில் நின்றுகொண்டு வெளிநாட்டுத் தளத்தில் வாங்கினால் தாண்டுவது கிட்டத்தட்ட உறுதி.

வட்டியோ வருடக் கட்டணமோ தள்ளிவிட்டது. ஆண்டுச் சந்தா, இ.எம்.ஐ. பிராசஸிங் கட்டணம், போன மாத பாக்கிக்கான வட்டி, இவை எல்லாம் பில் தேதியை ஒட்டிப் பதிவாகும். லிமிட்டில் ₹300 மட்டும் மீதி இருக்கும்போது ₹999 சந்தாவும் வரியும் வந்து உட்கார்ந்தால் கணக்கு தாண்டிவிடும். ஆனால் இது நீங்கள் செய்த செலவு இல்லை, வங்கியே போட்ட தொகை. இந்த வகையில் விழுந்த ஓவர்லிமிட் கட்டணத்தைக் கட்டிவிட்டு விடாதீர்கள். ‘எனது செலவுகள் மட்டும் லிமிட்டுக்குள் இருந்தன, வங்கி சேர்த்த கட்டணத்தாலும் வட்டியாலும்தான் தாண்டியது’ என்று கூட்டலோடு எழுதிக் கேளுங்கள். திரும்பப் பெற இதைவிட நல்ல காரணம் குறைவு.

இ.எம்.ஐ. அசல் லிமிட்டை அடைத்துக்கொண்டிருக்கிறது. ₹1,00,000 லிமிட்டில் ₹60,000-க்கு ஒரு போன், 12 மாத வட்டியில்லாத் தவணை என்று வைத்துக்கொள்வோம். பில்லில் ₹5,000 மட்டும்தான் தெரியும். அதைப் பார்த்து மீதி ₹95,000 இருக்கிறது என்று நினைப்பது இயல்பு. உண்மையில் முதல் நாளே ₹60,000 முழுவதும் அடைபட்டுவிட்டது, கையில் இருப்பது ₹40,000. மாதம் ஒரு தவணை கட்டக் கட்ட ₹5,000 வீதம்தான் திறக்கும். மூன்று தவணை கட்டி முடித்த பிறகும் உங்கள் இடம் ₹55,000-தான். வட்டியுள்ள தவணையாக இருந்தால் இன்னும் மெதுவாகத் திறக்கும், ஏனென்றால் முதல் மாதங்களில் கட்டும் பணத்தில் வட்டிப் பங்கு அதிகம், லிமிட்டைத் திறப்பது அசல் பங்கு மட்டுமே.

சோதனை: ஆப்பில் ‘அவெய்லபிள் லிமிட்’ என்று காட்டும் எண்ணை மட்டும் நம்புங்கள். மொத்த லிமிட்டிலிருந்து பில் தொகையை மனக்கணக்கில் கழிப்பதை விட்டுவிடுங்கள்.

நீங்கள் செய்யாத செலவு இருக்கிறது. மேலே எதுவும் பொருந்தவில்லை என்றால் ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். தெரியாத பரிவர்த்தனை ஒன்று இருந்தாலும் இது கட்டண விவகாரம் இல்லை, மோசடி. முதலில் ஆப்பிலேயே கார்டை பிளாக் செய்யுங்கள், அடுத்து வங்கிக்குத் தெரிவித்துப் புகார் எண் வாங்குங்கள், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் பதியுங்கள். உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வெளியாள் செய்த மோசடி என்றால், வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பில் பங்கு இல்லை என்பது ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட விதி. நாள் கடந்தால் பாதுகாப்பு குறையும். ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால் வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு உங்கள் தலையில் விழும், அதனால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

## அறிகுறி: பணம் கட்டிவிட்டேன், லிமிட் திறக்கவில்லை, அடுத்த செலவில் தாண்டிவிட்டது

பணம் இன்னும் வழியில் இருக்கிறது. ஆப்பிலிருந்து அதே வங்கிக் கணக்கு மூலம் கட்டினால் உடனே திறப்பது வழக்கம். வேறு ஆப் வழியாகவோ நெஃப்டிலோ கட்டினால் வரவு வைக்கச் சில மணி நேரம் முதல் இரண்டு மூன்று வேலை நாட்கள் வரை ஆகலாம். செக் கொடுத்தால் இன்னும் கூடும். நெஃப்ட் 24 மணி நேரமும் ஓடுகிறது, ஆனால் பணம் வங்கிக்குப் போய்ச் சேருவதும், கார்டுக் கணக்கில் வரவாகி லிமிட் திறப்பதும் ஒரே நேரத்தில் நடக்கும் என்று சொல்ல முடியாது. ‘பணம் செலுத்தப்பட்டது’ என்ற செய்தி வந்ததும் கடைக்குப் போகாதீர்கள். அவெய்லபிள் லிமிட் கூடிய பிறகு போங்கள்.

தவறான எண்ணுக்குப் போயிருக்கிறது. நெஃப்டில் கார்டு எண்ணைக் கணக்கு எண்ணாகப் போட்டுக் கட்டுபவர்கள் கவனிக்க வேண்டியது இது. கார்டு தொலைந்து மாற்றுக் கார்டு வாங்கியிருந்தால் எண் மாறியிருக்கும், ஆனால் பெனிஃபிஷியரி (பணம் பெறுபவர்) பட்டியலில் பழைய எண் இருக்கும். மூன்று வேலை நாள் கழித்தும் வரவு காணவில்லை என்றால் யுடிஆர் எண்ணோடு (அந்தப் பணப் பரிமாற்றத்தின் அடையாள எண்) பணம் அனுப்பிய வங்கியை முதலில் கேளுங்கள், கார்டு வங்கியை அப்புறம்.

கட்டியது முழுவதும் வட்டிக்கும் கட்டணத்துக்கும் போய்விட்டது. பழைய பாக்கி இருக்கும் கணக்கில் நீங்கள் கட்டும் பணம் பொதுவாக வரி, கட்டணம், வட்டி, இ.எம்.ஐ. என்று தீர்த்துவிட்டுத்தான் செலவு அசலுக்கு வரும். புது வட்டியும் கட்டணமும் சேர்ந்துகொண்டே இருப்பதால், ₹4,000 கட்டினால் லிமிட்டில் ₹4,000 இடம் கிடைக்கும் என்ற கணக்கு இங்கே பொய்த்துவிடும். உங்கள் வங்கியின் வரிசை என்ன என்பது கார்டோடு வரும் முக்கிய விதிமுறைகள் தாளில் இருக்கிறது.

வராத ரீஃபண்டைக் கட்டிய பணமாக எண்ணிவிட்டீர்கள். பொருளைத் திருப்பிக் கொடுத்த பிறகு கடைக்காரர் ‘ரீஃபண்ட் போட்டாச்சு’ என்று சொன்னதை நம்பி அதே தொகைக்கு வேறு பொருள் வாங்குவது வழக்கமான சறுக்கல். ரீஃபண்ட் கார்டில் வந்து சேர ஒரு வாரம்கூட ஆகலாம். அதுவரை பழைய செலவு, புதுச் செலவு இரண்டும் லிமிட்டில் நிற்கும்.

## அறிகுறி: வாங்காத பொருளுக்கு லிமிட் குறைந்திருக்கிறது

ஹோட்டல், வாடகைக் கார், சில பெட்ரோல் பங்குகள் ஆகியவை செலவுக்கு முன்பே ஒரு தொகையை ஹோல்டில் வைக்கும். அறை வாடகை ₹6,000 என்றாலும் ₹10,000 பிடித்து வைத்திருக்கலாம். அறையைக் காலி செய்யும்போது வேறு கார்டிலோ ரொக்கத்திலோ கட்டினாலும் முதல் ஹோல்டு தானாக உடனே விலகாது, அந்தக் கடை விடுவிக்க வேண்டும் அல்லது காலாவதி ஆக வேண்டும்.

சோதனை எளிது. ஆப்பில் பரிவர்த்தனை ‘பெண்டிங்’ என்றோ ‘அன்செட்டில்ட்’ என்றோ இருந்தால் ஹோல்டு. விடுவிக்கச் சொல்ல வேண்டியது கடையிடம். வங்கியை அழைத்தால் ‘மெர்ச்சன்ட் விடுவிக்கணும்’ என்ற பதில்தான் வரும். கடையிடம் ஆத்தரைசேஷன் ரிவர்சல் (பிடித்து வைத்த தொகையை விடுவிப்பது) செய்யச் சொல்லுங்கள், ஒப்புதல் எண்ணை வாங்கி அதை வங்கியிடம் கொடுங்கள். அப்போது வேலை நகரும்.

கடையில் ‘ஃபெயில்’ (பரிவர்த்தனை தோல்வி) என்று வந்து கார்டில் தொகை பிடிக்கப்பட்டிருந்தால் கதை வேறு. அந்த வகைக்கு ஐந்து நாளுக்குள் தானாகத் திருப்பிப் போட வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு ₹100 இழப்பீடு என்பது 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட காலக்கெடு. கேட்காமலே வரவேண்டிய பணம் அது. வராவிட்டால் அந்த விதியைச் சுட்டி எழுதுங்கள்.

பயணம் போகும்போது ஹோல்டுக்கென்று ஒரு கார்டையும் செலவுக்கென்று இன்னொன்றையும் வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலி பெரும்பாலும் வராது.

## அறிகுறி: மினிமம் டியூ திடீரென்று இரண்டு மடங்காகிவிட்டது

ஓவர்லிமிட் கட்டணத்தில் மிகவும் ஆபத்தான இடம் இதுதான். ₹590 போனதோடு முடிந்துவிட்டது என்று நினைத்து, பின்னால் வரும் பெரிய அடியைக் கவனிக்காமல் விடுகிறார்கள்.

மினிமம் டியூ என்றால் டியூ தேதிக்குள் குறைந்தபட்சம் கட்டியே ஆக வேண்டிய தொகை. பல வங்கிகளில் அது நிலுவையில் 5% மட்டும் அல்ல. தாண்டிய தொகை முழுவதும், கட்டணங்களும், அந்த மாத இ.எம்.ஐ.யும் அதில் சேரும். ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். லிமிட் ₹1,00,000. செலவு ₹1,06,000. கட்டணமும் வரியும் ₹590.

வழக்கமான கணக்கில் 1,06,000-இல் 5%, அதாவது ₹5,300 கட்டினால் போதும் என்று தோன்றும். வங்கி போடும் கணக்கோ இப்படி இருக்கும்: லிமிட்டுக்குள் உள்ள ஒரு லட்சத்தில் 5% ₹5,000, தாண்டிய தொகை ₹6,000, கட்டணமும் வரியும் ₹590, ஆக ₹11,590. பழக்கத்தில் ₹5,300 கட்டியவர் மினிமம் டியூவைக் கட்டாதவர் ஆகிவிடுகிறார். டியூ தேதிக்குப் பிறகு மூன்று நாளைத் தாண்டியதும் லேட் கட்டணம் போடலாம், கடன் தகவல் நிறுவனங்களுக்கும் (சிபில் போன்றவை) ‘தவணை தவறியது’ என்று அனுப்பலாம். நிலுவை ₹50,000-ஐத் தாண்டிய கணக்குகளுக்குப் பல வங்கிகளில் லேட் கட்டணமே ₹1,000-க்கு மேல். 2025 ஜனவரி முதல் வங்கிகள் 15 நாளுக்கு ஒரு முறையோ அதைவிட அடிக்கடியோ அந்த நிறுவனங்களுக்குத் தகவல் தர வேண்டும், ஆகவே தவறு முன்னைவிட வேகமாகக் கடன் ஸ்கோரில் ஏறுகிறது.

செய்ய வேண்டியது:

- ஸ்டேட்மென்டில் அச்சான மினிமம் டியூவைப் பாருங்கள். போன மாத எண்ணை நினைவிலிருந்து எடுக்காதீர்கள்.
- ஆட்டோ டெபிட்டில் ‘மினிமம் டியூ’ என்று வைத்திருந்தால், இந்த மாதம் வங்கிக் கணக்கில் இருந்து இரட்டிப்புத் தொகை போகும். சேமிப்புக் கணக்கில் அது இல்லாவிட்டால் டெபிட் திரும்பிவிடும், அதற்கும் அபராதம் உண்டு.
- ஆட்டோ டெபிட்டில் ‘குறிப்பிட்ட தொகை’ என்று ₹5,000 போட்டு வைத்திருந்தால் உடனே மீதியைக் கையால் கட்டுங்கள்.
- முடிந்தால் முழுப் பில்லையும் கட்டுங்கள். மினிமம் மட்டும் கட்டினால் வட்டியில்லாக் காலம் போய்விடும், மாதம் 3.5% முதல் 3.75% வரை வட்டி செலவு செய்த நாளிலிருந்தே ஓடும்.

டியூ தேதி தாண்டி இன்னும் மூன்று நாள் ஆகவில்லை என்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு அந்த மீதியை இப்போதே கட்டிவிடுங்கள்.

## அறிகுறி: செலவு கூடவில்லை, லிமிட்தான் குறைந்திருக்கிறது

பண்டிகைச் சமயத்திலோ பயணத்துக்கோ வாங்கிய தற்காலிக லிமிட் உயர்வு காலாவதியாகியிருக்கலாம். ₹1,00,000 லிமிட்டை இரண்டு மாதத்துக்கு ₹1,50,000 ஆக்கிக்கொண்டு ₹1,30,000 செலவு செய்தவர், காலாவதி நாளுக்குள் ₹30,000-ஐயாவது குறைக்காவிட்டால் ஒரு பைசா செலவழிக்காமலே தாண்டியவர் ஆகிவிடுவார். உயர்வு கேட்ட அன்றே முடியும் தேதியைக் காலண்டரில் போடுங்கள், அதற்கு ஐந்து நாள் முன்பே தொகையைக் கட்டுங்கள்.

இரண்டாவது, வங்கியே லிமிட்டைக் குறைத்திருக்கலாம். வேறு கடன்களில் தவணை தவறியிருந்தாலோ கார்டை நீண்ட நாள் பயன்படுத்தாமல் விட்டிருந்தாலோ இது நடக்கும். குறைத்தால் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. மெயிலின் ஸ்பேம் பகுதி, எஸ்.எம்.எஸ்., ஆப்பின் அறிவிப்புகள் மூன்றிலும் தேடுங்கள். அறிவிப்பு வரவே இல்லை, அல்லது அறிவிப்பு தேதிக்கு முன்பு செய்த செலவுக்குக் கட்டணம் போட்டிருக்கிறார்கள் என்றால் கட்டணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

குறைத்த காரணம் புரியாவிட்டால் உங்கள் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நீங்கள் வாங்காத கடன் அதில் நின்றால் உண்மையான வேலை அங்கேதான் இருக்கிறது.

## அறிகுறி: ஓவர்லிமிட் வசதிக்கு நான் சம்மதமே கொடுக்கவில்லை

கார்டு விதிகளைத் தொகுத்து ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்டது. கார்டுதாரரின் வெளிப்படையான ஒப்புதல் இல்லாமல் அவருடைய லிமிட் எந்த நேரத்திலும் தாண்டப்படக் கூடாது என்று அதில் இருக்கிறது. இந்தப் பகுதி 2022 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒப்புதல் கேட்காமல் தாண்டவிட்டுக் கட்டணமும் போடுவதற்கு இடமில்லை.

ஆனால் புகாருக்கு முன் மூன்று இடங்களைப் பாருங்கள். கார்டு விண்ணப்பத்தில் அதற்கென ஒரு கட்டம் இருந்து நீங்கள் டிக் செய்திருக்கலாம். கார்டை ஆக்டிவேட் செய்யும்போது ஆப்பில் வரிசையாக வந்த சுவிட்ச்களில் ஒன்றை ஆன் செய்திருக்கலாம். கஸ்டமர் கேர் அழைப்பில் ‘சரி’ என்று சொல்லி ஓடிபி கொடுத்திருக்கலாம். இவற்றில் எதுவும் இல்லை என்றால் வங்கிக்கு இப்படி எழுதுங்கள். போனில் பேசுவதைவிட மெயில் நல்லது, தேதியோடு நிற்கும்:

*எனது கார்டின் கடைசி நான்கு இலக்கங்கள் ____. ____ தேதியிட்ட ஸ்டேட்மென்டில் ஓவர்லிமிட் கட்டணம் ₹____, ஜி.எஸ்.டி. ₹____ போடப்பட்டுள்ளது. இந்த வசதிக்கு நான் ஒப்புதல் தரவில்லை. ஒப்புதல் பெறப்பட்டதாக உங்கள் பதிவில் இருந்தால் அதன் தேதி, நேரம், பெறப்பட்ட வழி ஆகியவற்றை எழுத்தில் தரவும். இல்லையெனில் கட்டணம், வரி, அவற்றின் மேல் போடப்பட்ட வட்டி மூன்றையும் திருப்பி வரவு வைக்கவும். ஆப்பில் இந்த வசதியின் நிலையைக் காட்டும் படம் இணைக்கப்பட்டுள்ளது.*

‘தேதி, நேரம், வழி’ என்று கேட்பது முக்கியம். பொத்தாம்பொதுவாக ‘கட்டணத்தை நீக்குங்கள்’ என்று கேட்டால் பொத்தாம்பொதுவான பதில்தான் வரும். ‘மூன்றையும்’ என்பதும் முக்கியம். கட்டணத்தை மட்டும் திருப்பிப் போட்டுவிட்டு ₹90 வரியை விட்டுவிடுவது சாதாரணமாக நடக்கிறது.

ஒப்புதல் கொடுத்திருந்தாலும் முதல் முறை தாண்டியவர், பில்லை ஒழுங்காகக் கட்டுபவர் கேட்டால் பல வங்கிகள் நல்லெண்ணமாக நீக்கிவிடுகின்றன. அதைக் கேட்கும்போது விதியைக் காட்டிச் சண்டை போடாமல் சலுகையாகக் கேளுங்கள். இரண்டையும் ஒரே மெயிலில் கலந்தால் இரண்டும் கெடும்.

## அறிகுறி: கார்டு டிக்லைன் ஆகிறது (பணம் எடுக்க மறுக்கிறது)

ஓவர்லிமிட் சுவிட்ச் ஆஃபில் இருக்கிறது, லிமிட் தீர்ந்துவிட்டது. இது பழுது அல்ல, பாதுகாப்பு சரியாக வேலை செய்கிறது. கடையில் சங்கடத்தில் சுவிட்ச்சை ஆன் செய்யாதீர்கள், அந்தச் சங்கடத்தின் விலை ₹590. ஒரு விதிவிலக்கு: மருத்துவமனை போன்ற அவசரத்தில் ஆன் செய்வது நியாயம்தான். வேலை முடிந்ததும் ஆஃப் செய்துவிட்டு, பில் தேதிக்குள் தாண்டிய தொகையைக் கட்டுங்கள்.

ஏடிஎம்மில் மட்டும் மறுக்கிறது என்றால் அது வேறு லிமிட். ரொக்கம் எடுக்கும் வரம்பு மொத்த லிமிட்டில் ஒரு பகுதிதான். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுப்பதற்குத் தனிக் கட்டணமும் முதல் நாளிலிருந்தே வட்டியும் உண்டு என்பதால் மறுத்தது நல்லதே.

## அறிகுறி: மாதம் தவறாமல் திரும்ப வருகிறது

ஆட்டோ பேமென்ட்கள் ஒரே வாரத்தில் குவிகின்றன. ஓடிடி, மொபைல், இன்சூரன்ஸ் எல்லாம் பில் தேதிக்கு முந்தைய வாரத்தில் விழுந்தால் அங்கேதான் தாண்டும். ஒவ்வொரு பிடித்தத்துக்கும் 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும். அந்தச் செய்தி வரும் நாளிலேயே அவெய்லபிள் லிமிட்டைப் பாருங்கள். ஆப்பில் மேன்டேட் (தானாகப் பிடிக்க நீங்கள் கொடுத்த அனுமதி) பட்டியலைத் திறந்து, பயன்படுத்தாதவற்றை ரத்து செய்யுங்கள். பட்டியலைப் பார்த்ததும் மறந்தே போன இரண்டு சந்தாவாவது கிடைக்கும்.

பில் தேதியும் சம்பளத் தேதியும் பொருந்தவில்லை. சம்பளம் 1-ஆம் தேதி வருகிறது, லிமிட் 25-ஆம் தேதியே நிரம்பிவிடுகிறது என்றால் டியூ தேதிவரை காத்திராமல் மாத நடுவில் ஒரு பகுதியைக் கட்டிவிடலாம். பில் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. பில் சுழற்சித் தேதியை மாற்றிக்கொள்ளவும் கார்டுதாரருக்கு உரிமை உண்டு, ஆப்பிலோ மெயிலிலோ கேட்கலாம்.

எச்சரிக்கை எல்லை போடவில்லை. பயன்பாடு 80%-ஐத் தொட்டதும் செய்தி வரும்படி அமைக்க ஆப்பில் வழி இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் ஆன்லைன், கடை, வெளிநாடு என்று தனித்தனி உச்சவரம்பு வைக்கும் வசதியைக் கொண்டு மொத்தத்தை லிமிட்டுக்குக் கீழே நிறுத்தலாம். லிமிட் ₹1,00,000 என்றால் ₹95,000-க்கு மேல் போகாதபடி. அந்த ₹5,000 இடைவெளிதான் சர்சார்ஜ், மார்க்அப், சந்தா ஆகியவற்றைத் தாங்கும்.

லிமிட் உண்மையிலேயே போதவில்லை. வருமானம் கூடியிருக்கிறது, பில் முழுவதும் கட்டுகிறீர்கள், செலவு மட்டும் லிமிட்டை ஒட்டி நிற்கிறது என்றால் நிரந்தர உயர்வு கேளுங்கள். சம்பளச் சீட்டோ வருமான வரி ரிட்டர்னோ கேட்பார்கள்.

பில்லை முழுவதும் கட்ட முடியாமல் லிமிட் நிரம்பியே நிற்கிறது. இங்கே உயர்வு கேட்பது மருந்து ஆகாது. நிலுவையை வங்கியிடமே இ.எம்.ஐ. ஆக மாற்றலாம், அல்லது குறைந்த வட்டியில் பர்சனல் லோன் எடுத்துக் கார்டை அடைக்கலாம். கார்டு வட்டி வருடத்துக்கு 40%-ஐத் தாண்டும், நல்ல ஸ்கோர் இருப்பவருக்குப் பர்சனல் லோன் அதில் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கும். முக்கியமான நிபந்தனை: அடைத்த அன்றே கார்டின் செலவு வரம்பை ஆப்பில் மிகக் குறைவாக இறக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் லோனும் இருக்கும், கார்டும் நிரம்பியிருக்கும். ‘செட்டில்மென்ட்’ என்று சொல்லிப் பாதித் தொகையில் முடித்துத் தருவதாக அழைப்பவர்களிடம் ஒப்புக்கொள்ளும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: கடன் அறிக்கையில் ‘செட்டில்ட்’ என்ற குறி பல வருடம் நிற்கும், பிறகு நீங்கள் கேட்கும் வீட்டுக் கடனை அது தடுக்கக்கூடும்.

## எப்போது மேலே கொண்டுபோக வேண்டும்

கஸ்டமர் கேரில் ஒரு முறை பேசிப் புகார் எண் வாங்குங்கள். சொன்ன நாளில் பதில் வராவிட்டாலோ பதில் சரியில்லை என்றாலோ வங்கித் தளத்தில் இருக்கும் அடுத்த படிக்கு, அதாவது நோடல் அலுவலர் அல்லது குறைதீர் அலுவலருக்கு அதே மெயிலை அனுப்புங்கள். புதிதாக எழுத வேண்டாம், பழைய தொடரிலேயே போங்கள், தேதிகள் ஒன்றாக நிற்கும்.

முதலில் எழுத்தில் புகார் கொடுத்த நாளிலிருந்து 30 நாள் ஆகியும் பதில் இல்லை, அல்லது மறுத்துவிட்டார்கள், அல்லது வந்த பதில் நியாயமாக இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மனிடம் (வங்கிப் புகார்களைத் தீர்க்கும் அதிகாரி) போகலாம். சி.எம்.எஸ். என்ற புகார்த் தளத்தில் நீங்களே பதிந்துகொள்ளலாம், விவரம் கேட்க 14448 என்ற எண். கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. பணம் வாங்கிக்கொண்டு பதிந்து தருகிறேன் என்பவரை ஒதுக்கிவிடுங்கள். வங்கியிடம் முதலில் எழுதாமல் நேராக இங்கே வந்தால் புகார் திரும்பிவிடும், அந்த ஒரு தவறுதான் நல்ல புகார்களையும் வீணாக்குகிறது.

இணைக்க வேண்டியவை: கட்டணம் தெரியும் ஸ்டேட்மென்ட் பக்கம், அதற்கு முந்தைய மாத ஸ்டேட்மென்ட், ஓவர்லிமிட் சுவிட்ச்சின் ஸ்கிரீன்ஷாட், வங்கியோடு நடந்த மெயில் தொடர், முதலில் சொன்ன ஐந்து எண்களைக் கூட்டிய தாள். புகார் நடக்கும் காலத்தில் தகராறில் இல்லாத பில் தொகையைக் கட்டிவிடுங்கள். ₹590-க்காக மொத்தப் பில்லையும் நிறுத்தி வைத்தால் லேட் கட்டணமும் வட்டியும் வங்கியின் பக்கம் நியாயத்தைச் சேர்த்துவிடும்.